பனடோலையும் எண்ணித்தான் போட வேண்டும்

“தலைவலியா? ரெண்டு பனடோல் போட்டுட்டுப் படு!” மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வாக்கியம் ஒலிக்காத தமிழ் வீடு இருக்க முடியாது. ஐஸ்பெட்டியின் மேல் ஓர் அட்டை, கைப்பையில் ஓர் அட்டை, காருக்குள் ஓர் அட்டை என்று எப்போதும் கையிருப்பில் இருக்கும் பொருள் அது. மளிகைக் கடையிலும் எண்ணெய் நிலையத்திலும் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே தொங்கும். மருத்துவர், “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை டாக்டர், பனடோல் மட்டும்தான்” என்று பதில் வரும். அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லில்தான் சிக்கலே தொடங்குகிறது.

பனடோல் என்பது ஒரு வணிகப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பாரசிட்டமோல். அமெரிக்காவில் அதையே அசிட்டமினோபென் என்பார்கள். அங்கே புகழ்பெற்ற டைலனோலும், தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குரோசின், டோலோ 650 ஆகியவையும் இதே மருந்துதான். பெயர் மாறுகிறது, அட்டையின் நிறம் மாறுகிறது, மருந்து மாறுவதில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இம்மருந்தின் கதை சற்றுச் சுவையானது. 1886ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் கான், ஹெப் என்ற இரு மருத்துவர்கள், மருந்துக்கடை தவறாகக் கொடுத்த ஒரு பொடி காய்ச்சலைக் குறைப்பதைக் கண்டனர். அதுதான் அசிட்டனிலைட். காய்ச்சல் குறைந்தது உண்மை. ஆனால், சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. மறு ஆண்டே பினாசெட்டின் என்ற இன்னொரு மருந்து வந்தது. ஆஸ்பிரின், பினாசெட்டின், காபீன் மூன்றையும் சேர்த்த ஏ.பி.சி. மாத்திரையை வயது முதிர்ந்தவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். அதை நீண்ட காலம் விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைவது பிறகு தெரியவந்தது. 1980களில் பல நாடுகள் பினாசெட்டினைக் கைவிட்டன.

1948ஆம் ஆண்டு பெர்னார்ட் பிராடி, ஜூலியஸ் ஆக்சல்ரோட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தனர். அந்தப் பழைய மருந்துகள் உடலுக்குள் போனதும் பாரசிட்டமோலாக மாறியே வலியைக் குறைக்கின்றன என்பதே அது. அப்படியானால் நேரே பாரசிட்டமோலையே கொடுத்துவிடலாமே! 1955இல் அமெரிக்காவில் டைலனோலும் 1956இல் பிரிட்டனில் பனடோலும் விற்பனைக்கு வந்தன.

இந்தப் பழங்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. “பனடோல் போட்டால் கிட்னி போய்விடும்” என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. பினாசெட்டின் செய்த பாவத்துக்குப் பாரசிட்டமோல் பழி சுமக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மை ஏறக்குறைய தலைகீழானது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வலி வந்தால், சரியான அளவுப் பாரசிட்டமோலைத்தான் மருத்துவர்கள் முதலில் நாடுவார்கள். பொன்ஸ்டான், வோல்டாரன், புருபென் போன்றவையே சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அதிகத் தொல்லை தரக்கூடியவை. கிட்னிக்குப் பயந்து பனடோலைத் தள்ளிவிட்டு, அக்கம்பக்கத்தார் கொடுத்த பொன்ஸ்டானை விழுங்கும் நீரிழிவு நோயாளி, நிழலுக்குப் பயந்து நெருப்பில் நிற்கிறார்.

எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

காய்ச்சல், தலைவலி, பல்வலி, மாதவிடாய் வலி, தடுப்பூசிக்குப் பிறகு வரும் உடல்வலி ஆகியவற்றுக்குப் பாரசிட்டமோல் நல்ல மருந்து. ஆஸ்பிரினைப் போல் வயிற்றை அரிப்பதில்லை. அதனால் ஒரு வேளை சாப்பிடாமல் போட்டாலும் பெரிய தவறில்லை. ஆனால், வீக்கத்தை அது குறைப்பதில்லை. கால் பெருவிரல் சிவந்து வீங்கும் கௌட் நோய்க்கு அது மட்டும் போதாது. இடுப்பு வலி சங்கதி இன்னும் வியப்பானது. திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட 1,652 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பாரசிட்டமோல் சாப்பிட்டவர்களும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் குணமடைந்தார்கள்!

காய்ச்சலையும் அது குணப்படுத்துவதில்லை, உடல் சூட்டைத்தான் தணிக்கிறது. காய்ச்சலுக்குக் காரணமான கிருமி அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

கணக்கு எங்கே தப்புகிறது?

உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம். அதாவது சாதாரண மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எட்டு மாத்திரை என்று மனத்தில் வைத்துக்கொள்பவர்கள், அந்த எட்டு 500 மில்லிகிராம் மாத்திரைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டோலோ 650 என்றால் ஆறிலேயே 3,900 ஆகிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் 665 மில்லிகிராம் மாத்திரையும் நாளுக்கு ஆறுதான்.

இவ்வளவு தெளிவான கணக்கு எப்படித் தப்புகிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். லாரி ஓட்டும் ஒருவருக்குக் காய்ச்சல், சளி, கழுத்து வலி. விடியற்காலையில் வீட்டில் இரண்டு பனடோல் போடுகிறார். அது 1,000. பிறகு கிளினிக்கில் தசை வலிக்கு அனாரெக்ஸ் கொடுக்கிறார்கள், வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. அதில் ஒவ்வொரு மாத்திரையிலும் 450 மில்லிகிராம் பாரசிட்டமோல் உண்டு. ஆறு மாத்திரைக்கு 2,700. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிய சளி மாத்திரையிலும் 500 இருக்கிறது. மூன்று வேளைக்கு 1,500. இரவு சூடு குறையவில்லையே என்று மனைவி இன்னும் இரண்டு பனடோல் தருகிறார். அது 1,000. கூட்டிப் பார்த்தால் 6,200! அவரைக் கேட்டால், “பனடோல் நாலுதான் போட்டேன்” என்பார். அவர் சொல்வது பொய்யல்ல.

நம் கிளினிக்குகளில் மருத்துவரைப் பார்த்த இடத்திலேயே மருந்தும் கிடைத்துவிடுகிறது. வசதிதான். ஆனால், சிறு பிளாஸ்டிக் பையின்மேல் ‘டெமாம்’, ‘செல்செமா’, ‘சாக்கிட்’ என்று நோயின் பெயர் பளிச்சென்று தெரியும் அளவுக்கு மருந்தின் பெயர் தெரிவதில்லை. காய்ச்சல் பையிலும் வலி பையிலும் இருப்பது ஒரே மருந்தா என்பதைக் கேட்டால்தான் தெரியும். “இதில் எதிலெல்லாம் பாரசிட்டமோல் இருக்கிறது?” என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. முகப்பில் இருக்கும் பணிப்பெண் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கேட்பது நோயாளியின் உரிமை.

இன்னொன்றும் உண்டு. மூட்டுவலிக்கு என்று சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் பதிவில்லாத ‘மூலிகை’ மருந்துகள் சிலவற்றில், வெளியே சொல்லாமல் வலி மாத்திரைகளும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதை இரு நாட்டு அதிகாரிகளும் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே வழியில்லை.

கல்லீரலுக்குள் நடப்பது

விழுங்கிய பாரசிட்டமோலில் பெரும் பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியாக அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் கொடிய நச்சாக மாறுகிறது. அதற்கும் உடலில் மாற்று உண்டு. குளூட்டாதியோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் பிடித்து அடக்கிவிடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது அந்தக் குளூட்டாதியோன் கையிருப்பு. அளவாகத் திறந்தால் கீழே இறங்க இறங்க மேலே நிரம்பும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் தொட்டி காய்ந்துபோகும். அதன் பிறகு உருவாகும் நச்சு கல்லீரல் அணுக்களையே தாக்குகிறது.

சிலருக்கு இந்தத் தொட்டி முன்பே பாதி காலியாக இருக்கும். சம்சுவோ பீரோ நாள்தோறும் குடிப்பவர்கள், பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், 50 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள மெலிந்த முதியவர்கள் ஆகியோர் அந்த வகையினர். காய்ச்சலில் மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருக்கும் பாட்டிக்கு, வாட்டசாட்டமான பேரனுக்குரிய அளவைக் கொடுக்கக் கூடாது. இவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்களும், நாள்கணக்கில் பாரசிட்டமோல் தேவைப்பட்டால், தங்கள் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்குக் கொடுக்கும்போது

பிள்ளைகளுக்கு வயதைவிட எடையே முக்கியம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான அளவு. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. பத்து கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்.

சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. ஐந்து மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும் கடையில் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். அதே பத்து கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் ஐந்து மில்லிலிட்டர் ஊற்றினால் சரியான அளவு. அக்காவுக்கு வாங்கி வைத்த இரண்டாவது பாட்டிலில் ஊற்றினால் இரு மடங்குக்கும் மேல். சொட்டு மருந்தைக் கரண்டியில் ஐந்து மில்லிலிட்டர் ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம், பெரியவர் போடும் முழு மாத்திரை! பாட்டிலின் மேல் உள்ள எண்ணைப் படித்துவிட்டு, கூடவே வரும் அளவுக் குப்பியிலோ ஊசியில்லாச் சிரிஞ்சிலோ அளந்து கொடுக்க வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

அம்மா வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, பாட்டி மதியம் ஒரு முறை, குழந்தை காப்பகத்தில் ஒரு முறை என்று ஆளுக்கொரு பக்கம் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த நேரத்தை எழுதி வைத்தால் தீர்ந்தது. கிளினிக்கில் பின்வழியாக மருந்து வைத்திருந்தால், அது பாரசிட்டமோலா என்று கேட்டு அதையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியமே கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

டிங்கிக் காய்ச்சல் என்றால்

நம் நாடுகளில் ஆண்டு முழுவதும் கொசு உண்டு, டிங்கியும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சலில் ஆஸ்பிரின், பொன்ஸ்டான், வோல்டாரன், புருபென் எதையும் தொடக் கூடாது. டிங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மருந்துகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். பாரசிட்டமோல்தான் பாதுகாப்பு. இதயத்துக்காக நாள்தோறும் சிறு அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால், டிங்கி கல்லீரலையும் தாக்கும் நோய். காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு மணிக்கொரு தடவை பனடோல் போடுவது, அடி வாங்கிக்கொண்டிருப்பவனை மேலும் அடிப்பது போல. இடையில் ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கலாம், தண்ணீர் நிறையக் கொடுக்கலாம். காய்ச்சல் இறங்கியதும் ஆள் தேறிவிட்டார் என்றும் நினைக்கக் கூடாது. டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் சூடு தணியும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்ந்து துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு சில

கரையும் மாத்திரையைப் பலர் விரும்புகிறார்கள். அது நுரைத்துக் கரைவதற்காகச் சோடியம் சேர்க்கப்படுகிறது, ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் போதும் என்கிறது. எட்டு மாத்திரை கரைத்துக் குடித்தால், சோற்றில் உப்பே போடாமலும் அந்த எல்லை தாண்டிவிடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சாதாரண மாத்திரையே மேல். அதையும் மாதக்கணக்கில் போடுவது நல்லதல்ல. 2022இல் எடின்பரோ ஆய்வாளர்கள் 110 இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு நாளுக்கு 4,000 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில், மேல் அளவு ஏறத்தாழ 5 புள்ளி கூடியது.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலிக்கு மாத்திரை போடுகிறவருக்கு, அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். அவர் தேட வேண்டியது இன்னோர் அட்டையை அல்ல, மருத்துவரை.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலனோல் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரலாம் என்ற வகையில் பேசியது பல தாய்மார்களைக் கலங்க வைத்தது. சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தகைய தொடர்பு தென்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் உறுதியான சான்று இல்லை என்றே கூறியது. கர்ப்ப காலத்தில் கடும் காய்ச்சலை அடக்கிக்கொண்டு கிடப்பதும் கருவுக்கு நல்லதல்ல. தேவைப்படும்போது, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு எடுக்கலாம்.

முதல் நாள் ஏமாற்றும்

தவறுதலாகவோ, கோபத்திலோ, மன வேதனையிலோ ஒருவர் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் இந்த மருந்தின் வஞ்சகம் தெரிய வேண்டும். முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் குமட்டலாம், ஒரு முறை வாந்தி வரலாம். நடப்பார், பேசுவார், “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். குடும்பமும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். இரண்டாம் நாள் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி எடுக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறும். அப்போது கல்லீரல் பெரும் பகுதி அழிந்திருக்கலாம்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்பது மிகப் பெரிய ஆறுதல். என்-அசிட்டில்சிஸ்டீன் என்ற அந்த மருந்து, காலியான குளூட்டாதியோன் தொட்டியை மறுபடி நிரப்புகிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் அதை ஏற்றத் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றப்படும். தாமதமானால் பலன் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஆகவே அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைத்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

போலீஸ் வழக்காகிவிடுமே என்று அஞ்சி, விஷயத்தை வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மௌனத்தில் கரையும் மணி நேரங்களே உயிரை எடுக்கின்றன. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டிலிருந்து குற்றமல்ல. மலேசியாவிலும் 2023இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு மனம் விட்டுப் பேச மலேசியாவில் ‘பிஃப்ரண்டர்ஸ்’ அமைப்பும், சிங்கப்பூரில் ‘சமாரிட்டன்ஸ் ஆப் சிங்கப்பூர்’ அமைப்பும் இருக்கின்றன.

மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் காலி அட்டைகள், பாட்டில்கள், கிளினிக் பைகள் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். எந்த மருந்து, எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் மருத்துவர் கேட்பார். சரியான நேரம் தெரியாவிட்டால், அவரைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரத்தைச் சொன்னாலும் போதும். அதைக் கொண்டே இரத்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது, மாற்று மருந்தை உடனே ஏற்றுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.